முந்நூற்றுப் பத்துத் தப்படி

காமயகவுண்டன்பட்டிக்கு நான் முதன்முதலாகப் போனது 2008 ஏப்ரலில். கம்பத்தில் டவுன் பஸ் மாறி, ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே தோட்டத்துப் பாதை பிரியும் இடத்தில் இறங்கிக்கொண்டேன். கையில் ஒரு ஃபைல், ஒரு குடை, தண்ணீர் பாட்டில். மணி பதினொன்று இருக்கும். மேற்கே மலை வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். கல் தூண்கள் வரிசை வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன. அவற்றின் மேல் கொடி மூடி, கீழே பகலிலேயே ஒரு பச்சை இருட்டு.

நான் வக்கீல். வீடு பழனிசெட்டிபட்டியில், தொழில் மதுரையில். சீனியர் சுயம்புலிங்கத்திடம் ஏழாவது வருஷம் ஜூனியராக இருந்தேன். அவர்தான் என்னை அனுப்பினார்.

கட்சிக்காரர் பெயர் கருத்தக்கண்ணன். 2002இல் தன் சித்தப்பா மகன் மாரிசெல்வத்தை அரிவாளால் வெட்டிக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்று ஜெயிலில் இருந்தார். இருவர் தோட்டத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். அன்று கரண்டு வந்ததும் தண்ணீர் பாய்ச்ச யார் முறை என்று வாய்த்தகராறு. மாரிசெல்வம் செருப்பைக் கழற்றி அடித்திருக்கிறார். அதன்பிறகு ஒரே ஒரு வெட்டு, பின்கழுத்தில்.

வெட்டியது யார் என்பதில் எங்களுக்கும் தகராறு இல்லை. அப்பீலில் கேள்வி வேறு. அது கொலையா, கொலையாகாத மரணமா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆள் போய்விட்டான். சட்டத்துக்கு அப்படியில்லை. முன்யோசனை இல்லாமல், திடீரென்று மூண்ட சண்டையில், கொதித்த ரத்தம் ஆறுவதற்குள் கை நீண்டிருக்க வேண்டும். எதிராளி அசந்திருக்கும் நேரம் பார்த்து வெட்டியிருக்கக் கூடாது. இதையெல்லாம் காட்டிவிட்டால் முந்நூற்றிரண்டு என்ற பிரிவு முந்நூற்றுநான்காக மாறும். ஆயுள் ஏழெட்டு வருஷமாகக் குறையும். ரத்தம் ஆற எவ்வளவு நேரமாகும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஒவ்வொரு வழக்கிலும் அதை நிமிஷக் கணக்கில் வாதாட வேண்டும்.

வெட்டைப் பார்த்த சாட்சி ஒருவர்தான். மாரிசெல்வத்தின் மனைவி ராஜாத்தி. அன்று கஞ்சி கொண்டுவரும் வழியில் சண்டைச் சத்தம் கேட்டு, தூரத்தில் தயங்கி நின்றதாகவும், கருத்தக்கண்ணன் சண்டையை விட்டுத் தன் வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பி வந்து, உட்கார்ந்திருந்த தன் கணவரைப் பின்னாலிருந்து வெட்டியதாகவும் கோர்ட்டில் சொல்லியிருந்தார். அது உண்மையானால் அப்பீல் நிற்காது. ஆனால் சம்பவத்தன்று போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் வீட்டுக்குப் போனதும் இல்லை, உட்கார்ந்திருந்ததும் இல்லை. "நான் சொன்னேன், அவங்க எழுதல" என்றிருந்தார் ராஜாத்தி. பின்னால் சேர்த்துச் சொன்ன கதை என்று நாங்கள் வாதாடுவதற்கு அந்த ஓட்டை போதும்.

"போலீஸ் வரைபடத்துல கிணறு இருக்கு, வீடு இல்ல. எவ்வளவு தூரம்னு நீயே நடந்து பாத்துட்டு வந்துரும்மா" என்றார் சீனியர். "பக்கமா இருந்தா நாமளே சொல்லுவோம். தூரமா இருந்தா வாயத் தொறக்க வேண்டாம்."

கருத்தக்கண்ணனின் வீடு தோட்டத்தின் கோடியில் தனியாக இருந்தது. ஓடு வேய்ந்த பழைய வீடு. அவர் மனைவி முருகம்மாள் மோர் கொடுத்தார். கிணற்றுக்கு வழி கேட்டதும் டம்ளரை வாங்கிய கை நின்றது.

"இப்பவேவா போறீக?"

"சாயங்காலத்துக்குள்ள நான் மதுரை போகணும்."

"உச்சி வேளையாகப் போகுது. சாஞ்சப்புறம் போங்களேன். இந்நேரம் நாங்க யாரும் அங்கன போறதில்ல."

படித்தவள் சிரிக்கும் சிரிப்பொன்றைச் சிரித்துவிட்டுப் பந்தலுக்குள் நுழைந்தேன்.

உள்ளே காற்றில்லை. கொடிக்கு அடித்திருந்த மருந்தின் மயில்துத்த நெடி, அதற்குக் கீழே கனிந்து உதிர்ந்த பழங்களின் புளிப்பு. தேனீக்களின் இரைச்சல் ஒரே சுருதியில் காதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. அதை ஒட்டித் தண்ணீர் விழும் சிமென்ட் தொட்டி, அதற்கு அப்பால் கிணறு. பார்க்க ஒன்றுமில்லை. தொட்டியின் ஓரத்திலிருந்து வீட்டை நோக்கித் தப்படி எண்ணிக்கொண்டு நடந்தேன்.

சத்தமாகத்தான் எண்ணினேன். பாதி வழியில் ஒரு தேனீ முகத்தில் மோத, குடையை வீசியதில் கணக்கு விட்டுப்போயிற்று. நின்றேன். நூற்று நாற்பத்து ஐந்தா, ஆறா?

"நூத்தி நாப்பத்தாறு."

இடப்பக்கம் தூண்களுக்கு அந்தப் பக்கமிருந்து ஆண் குரல். மெதுவான குரல். கொடி கட்டும் ஆள் யாரோ என்று நினைத்தேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, நாற்பத்தேழிலிருந்து தொடர்ந்தேன். பக்கத்து வரிசையில் என்னோடு சருகு மிதிபடும் ஓசை வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது முந்நூற்றுப் பத்து.

முருகம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "யாருகிட்டப் பேசிக்கிட்டு வந்தீக?"

"உங்க தோட்டத்து ஆளு."

"இன்னைக்கி ஆளே விடலயே" என்றார்.

அப்போதே கிளம்பியிருக்கலாம். ஆனால் தூரம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும் என்று தோன்றியது. வீட்டிலிருந்து கிணற்றுக்கு, கோபமாக நடக்கும் ஒரு மனிதனின் வேகத்தில், எத்தனை நிமிஷம்? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு திரும்ப நடந்தேன். மூன்று நிமிஷம் ஆனது. போக மூன்று, வர மூன்று, வீட்டுக்குள் அரிவாளைத் தேட ஒன்று. ஏழு நிமிஷம்.

தலையை நிமிர்த்தினேன்.

தொட்டியின் விளிம்பில் ஒரு ஆள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

வெளுத்த நீலச் சட்டை. கைலியை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கையால் அள்ளி அள்ளி விடும் தண்ணீரின் சத்தம் கேட்டது. மோட்டார் ரூம் பூட்டியிருக்கிறது, மோட்டார் ஓடவில்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தேனீ இரைச்சல் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

நான் அவருக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். அவ்வளவு அருகே எப்படி வந்தேன்?

"வந்துட்டியாண்ணே" என்றார் அவர். திரும்பவில்லை.

குனிந்தபடியே தொடர்ந்தார்.

"மொறை ஒன்னோடதாவே இருக்கட்டும். மோட்டாரப் போட்டுக்க. நா நாளைக்கிப் பாய்ச்சிக்கிறேன்."

கோபமே இல்லாத குரல். களைத்துப்போன குரல். இன்னொரு கை தண்ணீர் அள்ளிக் காலில் விட்டார்.

"செருப்பெடுத்தது தப்புத்தான்."

அவருடைய காலருக்கு மேலே, பின்கழுத்தில் ஒரு கோடு இருந்தது. பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கோடு.

நான் பார்க்கப் பார்க்க அது திறந்தது.

கத்த நினைத்தேன். அப்போதுதான் என் தோள் வலிப்பதை உணர்ந்தேன்.

என் வலது கை தலைக்கு மேலே ஓங்கியிருந்தது.

கையில் குடைதான். ஆனால் பிடித்திருந்த பிடி குடையைப் பிடிக்கும் பிடியல்ல. நான் அதை ஓங்கவில்லை. ஓங்கியதே எனக்குத் தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குடையைக் கீழே போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது தொட்டியில் யாரும் இல்லை. உள்ளே தண்ணீரும் இல்லை. காய்ந்த பாசி மட்டும் செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. முருகம்மாள் என் முகத்தைப் பார்த்தார். தாழ்ந்த குரலில் ஒன்றுதான் கேட்டார்.

"கால் கழுவிக்கிட்டு இருந்தாகளா?"

நான் தலையாட்டினேன்.

"எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லிறாதீக" என்றார்.

மறுநாள் சீனியரிடம் சொன்னேன். முதலில் தூரத்தைச் சொன்னேன், பிறகு மற்றதையும். அவர் கேலி செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெயில்ல போயிருக்க. வெறும் வயித்துல போயிருக்க. அதையே நீ உண்மையாப் பாத்திருந்தாலும், ரெக்கார்டுல இல்லாதது நம்ம தொழில்ல இல்லவே இல்லம்மா. செத்தவன் சாட்சிக் கூண்டுல ஏற முடியாது."

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைக் கூச வைக்கிறது.

ஜூலையில் அப்பீல் விசாரணைக்கு வந்தபோது சீனியருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். நானே வாதாட வேண்டியதாயிற்று. இரண்டு நீதிபதிகள். நான் நன்றாகத்தான் வாதாடினேன். கூட்டுக் கிணறு, திடீர் தகராறு, செருப்படி, ஒரே வெட்டு. பின்கழுத்தில் பட்டது மல்லுக்கட்டில் திரும்பியதால் இருக்கலாம். தோட்டத்துக்காரன் கையில் அரிவாள் இருப்பது இயல்பு, அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் வந்தது முதல் வாக்குமூலத்தில் இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோலத் தெரிந்தது.

ராஜாத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து தனியாக வந்திருந்தார். ஆங்கிலத்தில் நடந்த வாதம் அவருக்குப் புரிந்திருக்காது. கணவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூத்த நீதிபதி ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார். குற்றவாளியின் வீடு சம்பவ இடத்திலிருந்து எவ்வளவு தூரம்? அரசு வக்கீல் வரைபடத்தைத் தேடினார். அதில் இல்லை. நீதிபதி என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு அதுபற்றி ஏதாவது தெரியுமா?"

கோர்ட் ஹாலில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. என் தோளுக்குப் பின்னால், காதுக்கு மிக அருகே, யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"முந்நூத்திப் பத்து."

துத்த நெடி அடித்தது.

நான் திரும்பவில்லை. பதிவில் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் தொழில் தர்மம் என்று என்னைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நான் அப்படிச் சொல்லவில்லை.

"தெரியாது, மை லார்ட்" என்றேன்.

என் வலது கை மேசையை விட்டு மெல்ல எழுந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் முதல் தடவை வாதாடுகிறாள், நடுங்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. முந்நூற்றிரண்டு முந்நூற்றுநான்காயிற்று. ஆயுள் ஏழு வருஷமாயிற்று. முன்னால் இருந்த சாட்சியத்தை வைத்து அவர்கள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். 'கோபம் தணிவதற்கு இடைவெளி இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை' என்ற வரியை இரண்டு முறை படித்தேன். சீனியர் படுக்கையில் இருந்தபடியே என் தலையில் கை வைத்தார். ஆபீஸில் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கினார்கள்.

கோர்ட் வாசலில் ராஜாத்தி என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"கொறச்சுட்டாகளாம்மா?"

"ஆமா."

"அவுக ரெண்டு பேரும் மல்லுக்கட்டுனாகன்னா எழுதிருக்கு?"

தீர்ப்பு நகலை ஃபைலுக்குள் செருகினேன்.

"வீடு எம்புட்டுத் தூரம்னு யாராச்சும் என்கிட்டக் கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

கருத்தக்கண்ணன் மறு வருஷம் ஆவணியில் வெளியே வந்தார். ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு வந்து, என் காலில் விழப் போனார். தடுத்து உட்கார வைத்தேன். அவ்வளவு பெரிய உடம்புக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"வெட்டுறதுக்கு முன்னாடி மாரிசெல்வம் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

அவர் முகம் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாயிற்று.

"அங்கன எங்க ரெண்டு பேரத் தவிர யாருமில்ல. ராசாத்திகூடத் தள்ளித்தான் நின்னா. ஒங்களுக்கு யாரு சொன்னாக?"

"மோட்டாரப் போட்டுக்கன்னாரா?"

தரையைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுக்குப் போற வரைக்கும் கொதிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்தேன். திரும்பி வாரப்ப பாதிலயே ஆறிப்போச்சு. சும்மா மெரட்டிட்டு வந்துருவம்னுதான் நடந்தேன். வந்து பாத்தா அவன் கால் கழுவிக்கிட்டு இருக்கான். திரும்பிக்கூடப் பாக்காம விட்டுக்குடுத்துட்டான். தப்புத்தான்னும் சொல்லிட்டான். நா அருவாளோட நிக்கிறேன். அப்படியே திரும்பிப் போனா நா யாரு? எனக்கு அசிங்கமாப் போச்சு. அந்த அசிங்கத்துலதான் வெட்டுனேன். கோவத்துல இல்ல."

கோர்ட் தேடிய விடை அதுதான். என் வீட்டு நாற்காலியில், ஒரு வருஷம் தாமதமாக வந்து உட்கார்ந்திருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இனி இடமில்லை.

அவர் போனபிறகு கூடையைத் திறக்கவில்லை. அப்படியே வெளியே வைத்தேன். அதற்குப் பிறகு நான் கிரிமினல் வழக்கு எடுப்பதை விட்டுவிட்டேன். தேனியில் பத்திரம் பார்த்துக் கொடுக்கிறேன். ஆனால் அது பிராயச்சித்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். அவரைப் பார்க்கும் துணிவு வர எட்டு மாதமாயிற்று.

2010 ஏப்ரலில் ராஜாத்தியைத் தேடிப் போனேன். ஊருக்குள் சின்ன வீடு. யாருடைய தோட்டத்திலோ பழம் அறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். கை முழுக்கக் கறை. நான் நின்றுகொண்டே சொன்னேன். தூரம் எனக்குத் தெரியும் என்று, நானே எண்ணினேன் என்று, நீதிபதி கேட்டபோது தெரியாது என்று சொன்னேன் என்று.

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அதச் சொல்லத்தான் வந்தீகளா?"

"இன்னொண்ணும் இருக்கு." கிணற்றடியில் பார்த்ததைச் சொன்னேன். மாரிசெல்வம் கடைசியாகச் சொன்ன வார்த்தைகளைச் சொன்னேன்.

இப்போது நிறுத்தினார்.

"நீங்க பாத்தீகளா?"

"பாத்தேன்."

"மொகத்தையா?"

"முதுகைத்தான்."

"எட்டு வருசமா நா தெனம் அந்த வழியாத்தான் வேலைக்குப் போறேன். எனக்கு ஒரு நா தென்படல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க தோட்டம் கைவிட்டுப் போனப்புறம் உள்ள போனதில்ல. அவுக வேலிக்குள்ள எப்படிப் போறதுன்னு ரோட்டோடயே போயிருவேன். இப்ப வாங்க."

கருத்தக்கண்ணனின் வீடு பூட்டிக் கிடந்தது. வெளியே வந்த இரண்டாம் வாரமே குடும்பத்தோடு எங்கோ போய்விட்டதாக ராஜாத்தி சொன்னார். பந்தல் கவனிப்பாரில்லாமல் காய்ந்து, கம்பியில் கொடிகள் எலும்பாகத் தொங்கின. கிணறு போன கோடையிலேயே வற்றிவிட்டதாம். மண் வெடித்துக் கிடந்தது. வெயில் நேர் உச்சியில் நின்றது.

"நீங்க இங்கனயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் தூண்களுக்கு நடுவே போனார்.

நான் பாதையில் நின்றேன். அவர் போன திசையில் ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு தடவை, பெண் குரலில் ஏதோ கேள்வி கேட்பதுபோல இருந்தது. பதில் என் காதுக்கு எட்டவில்லை. எட்ட வேண்டிய ஆள் நானில்லை.

கால்மணி நேரம் கழித்து வந்தார். அழுததாகத் தெரியவில்லை. என்னைப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

"பஸ் வந்துரும், வாங்க."

பின்னாலேயே நடந்தபோதுதான் கவனித்தேன். அவருடைய வெளுத்த ரவிக்கையின் இடது தோளில் ஈரமாக ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. பெரிய கை, ஆண் கை.

ரோட்டில் நிழல் இல்லை. பஸ் வர முக்கால் மணி நேரமாயிற்று. தார் உருகும் அந்த வெயிலில் இருவரும் நின்றோம். என் சேலை உடம்போடு ஒட்டிக் காய்ந்து, மறுபடி வேர்த்து ஒட்டியது.

அவர் தோளில் இருந்த கை மட்டும் காயவில்லை.